இழுவைக்கு ஓடும் பிக்கப்புக்கு ஏ.டி. டயர் வாங்குவது எப்படி: எடைமேடை முதல் ஸ்டெப்னி வரை

தார், மண் இரண்டுக்குமான ஏ.டி. (ஆல் டெரெய்ன்) டயர் கேட்டுக் கடைக்கு வருகிறவர் முதலில் கை வைப்பது பட்டன் மேல்தான், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள் மேல். பெரிய பெரிய கட்டையாக, இடைவெளி விட்டு, பார்க்க மிரட்டலாக இருக்கும் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு "இது எவ்வளவுண்ணே?" என்று கேட்பார். அப்புறம் விலை பேசுவார், அப்புறம் அளவு பொருந்துமா என்று பார்ப்பார், எவ்வளவு எடை தாங்கும் என்ற கேள்வி பெரும்பாலும் வரவே வராது. வெறும் வண்டியாக ஓட்டினால் இந்த வரிசையில் வாங்கியும் தப்பித்துக்கொள்ளலாம். பின்னால் டிரெய்லர் இழுக்கிற வண்டிக்கு இந்த வரிசை அப்படியே தலைகீழ்.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் பிக்கப்பில் இழுப்பது என்ன? கல்யாண வீட்டுக்கு ஜெனரேட்டர், பழைய வீடு வேலை நடக்கும் இடத்துக்குக் கலவை மெஷின், கம்ப்ரசர், தோப்புக்குத் தண்ணீர் டேங்க். அதோடு பின் தொட்டியில் அண்டா குண்டாவோ ஆத்தங்குடி டைல்ஸோ ஏறியிருக்கும். இந்த இரட்டைச் சுமையை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள வரிசையை எழுதியிருக்கிறேன். படிகளை இடம் மாற்றாதீர்கள், ஒவ்வொன்றும் அதற்கு முந்தைய படியின் விடையைக் கேட்கும்.

1. கடைக்குப் போகுமுன் கையில் வைத்திருக்க வேண்டியவை

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி சொன்ன டயர் அளவும் காற்றின் அளவும் அதில் இருக்கும். ஸ்டிக்கர் உரிந்து போயிருந்தால் வண்டியோடு வந்த கையேட்டில் தேடுங்கள். இழுக்க அனுமதித்த எடை எவ்வளவு என்பதும் கையேட்டில்தான் கிடைக்கும், அந்த எண்ணைத் தாண்டி நீங்கள் இழுத்துக்கொண்டிருந்தால் எந்த டயரும் அதைச் சரி செய்யாது.

ஆர்.சி. புக், சொந்தமாக ஒரு காற்று அளக்கும் கேஜ், நீங்கள் வழக்கமாக இழுக்கும் டிரெய்லர், இவ்வளவும் வேண்டும். இப்போது வண்டியில் மாட்டியிருக்கும் டயரின் அளவைப் பார்த்து அதையே கேட்காதீர்கள். முந்தைய ஓனர் என்ன நினைத்து எதை மாட்டினாரோ தெரியாது.

2. முதல் வேலை எடைமேடை

அதிக எடையோடு போகும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். தொட்டியில் சாமான், டீசல் முழுசாக, கேபினில் ஆட்கள், பின்னால் டிரெய்லர், எல்லாம் இருக்கும்போது எடைமேடைக்குப் போங்கள். மூன்று சீட்டு வேண்டும் என்று ஆபரேட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் சீட்டு, முன் சக்கரங்கள் மட்டும் மேடை மேல். இரண்டாவது சீட்டு, பிக்கப்பின் நான்கு சக்கரமும் மேடை மேல், டிரெய்லர் கொக்கியில் மாட்டியபடியே இருக்க, அதன் சக்கரம் மட்டும் மேடைக்கு வெளியே. மூன்றாவது, டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடை மேல். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் உங்கள் பின் ஆக்ஸிலின் எடை வந்துவிடும். டயர் வாங்க இதுதான் ஆதார எண். மொத்த எடையை நான்கால் வகுத்து முடிவெடுப்பதுதான் பலர் தடுமாறும் இடம், ஏனென்றால் லோடு ஏற்றிய பிக்கப்பில் எடை சமமாகப் பிரிவதில்லை, பின்பக்கம் போய் உட்கார்ந்துவிடும்.

டிரெய்லர் கொக்கி மேல் அழுத்தும் எடையும் இதில் சேர்கிறது. டிரெய்லர் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதைவிடக் குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும், அதிகமானால் பின் டயர் திணறும். 1,200 கிலோ ஜெனரேட்டர் டிரெய்லர் என்றால் கொக்கியில் 120 முதல் 180 கிலோ. நடுவில் 150 என்று வைப்போம்.

அந்த 150 கிலோ பின் ஆக்ஸிலில் 150 ஆக மட்டும் ஏறாது என்பதுதான் யாரும் சொல்லித் தராத விஷயம். கொக்கி ஆக்ஸிலுக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது, அதனால் அது பின்பக்கத்தை அமுக்கும்போது முன்பக்கத்தைத் தூக்குகிறது. இசுசு டி-மேக்ஸின் வீல்பேஸ், அதாவது முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரம், ஏறக்குறைய 3.1 மீட்டர். கொக்கி பின் ஆக்ஸிலிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி இருந்தால், இரண்டையும் கூட்டிய 4.3ஆல் 150ஐப் பெருக்கி 3.1ஆல் வகுக்க வேண்டும், 208 கிலோ வருகிறது. பின்னால் 208 ஏறுகிறது, முன்னால் 58 குறைகிறது. மழையில் திருச்சி ரோட்டில் டிரெய்லரோடு போகும்போது ஸ்டியரிங் இலேசாகிவிட்டது மாதிரி தோன்றுகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. அந்த எடையை லோடு இண்டெக்ஸாக மாற்றுங்கள்

டயரின் பக்கத்தில் 245/70 ஆர்16 111எஸ் என்று எழுதியிருந்தால், 111 என்பதுதான் ஒரு டயர் தாங்கும் எடைக்கான எண். 104 என்றால் 900 கிலோ, 108 என்றால் 1,000, 111 என்றால் 1,090, 115 என்றால் 1,215, 120 என்றால் 1,400. கடைசியில் இருக்கும் எழுத்து வேகத்துக்கு, எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ. டிரெய்லரோடு அந்த வேகத்தின் பாதியைக்கூட நீங்கள் தொடப் போவதில்லை, ஆகவே அந்த எழுத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

கணக்கு இப்படி. பின் ஆக்ஸில் 1,700 கிலோ வந்தது என்றால் ஒரு டயருக்கு 850. ஆனால் சாமான் எப்போதும் நடுவில் உட்காராது, ரோடு ஒருபக்கம் சரிந்திருக்கும், பள்ளத்தில் விழும்போது எடை ஒரே டயரில் குதிக்கும். அதனால் 15 சதவீதமாவது மேலே சேர்க்கிறேன். 978 ஆகிறது, அதாவது 108க்குக் கீழே போகக் கூடாது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அளவுக்கு முன்னால் 'பி' என்று போட்டிருந்தால் அது கார் வகை டயர். அதைப் பிக்கப்பில் மாட்டும்போது எழுதியிருக்கும் எடையை 1.1ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க டயர் தரவிதி. அப்போது 108 போட்ட டயர் உங்களுக்கு 909 கிலோதான் தரும், மேலே சொன்ன வண்டிக்குப் பற்றாது. ஆல் டெரெய்ன் டயரில் இந்த வகை நிறையவே இருக்கிறது, பட்டன் முரட்டுத்தனமாக இருப்பதால் டயரும் முரடு என்று நம்பி வாங்கிவிடுகிறார்கள்.

4. அளவைப் பெரிதாக்கும் ஆசையை இந்த இடத்திலேயே முடித்துவிடுங்கள்

245/70 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 749 மி.மீ. அதே ரிம்மில் 265/70 மாட்டினால் 777 மி.மீ. ஆகிறது, கிட்டத்தட்ட 4 சதவீதம் பெரிது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62இல் போகும், இழுவைச் சக்தி அதே சதவீதம் குறையும், கிளட்ச்சும் பிரேக்கும் கூடுதலாக உழைக்கும். கண்மாய்க் கரை மேல் லோடு டிரெய்லரோடு ஏறும்போது முதல் கியரில் கிளட்ச் நாறுகிறது என்றால் பெரிய டயருக்கும் அதில் பங்கு உண்டு.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வாடகைக்கு ஓடும் வண்டி எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போக வேண்டும், விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் வந்து பார்ப்பார். கம்பெனி அனுமதித்த அளவுகளுக்குள்ளேயே இருங்கள்.

5. சாதா கட்டுமானமா, எல்.டி.யா

எல்.டி. என்று போட்ட டயர் இலகுரக லாரிக்கானது. உள்ளே அடுக்குகள் தடிமன், காற்று அதிகம் ஏற்றலாம். எடையைத் தாங்கும் பலத்தை லோடு ரேஞ்ச் சி, டி, இ என்றோ 6, 8, 10 பி.ஆர். (ப்ளை ரேட்டிங்) என்றோ போட்டிருப்பார்கள். 120/116 என்று இரண்டு எண் இருந்தால் முதல் எண் ஒற்றை டயராக ஓடும் உங்கள் வண்டிக்கு, இரண்டாவது பின்னால் இரட்டை டயர் போடும் வண்டிக்கு. ரிம் அளவுக்குப் பின்னால் சி என்று முடியும் டயர்களும் சரக்கு வண்டிக்கானவைதான், நம் ஊர் சரக்கு பிக்கப் பலவற்றில் அதுவே வரும்.

வாரம் முழுக்க இழுக்கிறீர்கள் என்றால் எல்.டி. அல்லது சி. எப்போதாவது ஒரு முகூர்த்த நாளில் மட்டும் ஜெனரேட்டர் இழுத்து மற்ற நாளெல்லாம் குடும்பத்தோடு பிள்ளையார்பட்டி போய் வரும் வண்டி என்றால், எடை எண் போதுமானதாக இருக்கும்பட்சத்தில் சாதா கட்டுமானமே போதும். எல்.டி. டயர் கனம், மைலேஜ் குறையும், காலி வண்டியில் தூக்கிப் போடும்.

எல்.டி.க்கு மாறினால் கதவு ஸ்டிக்கரில் இருக்கும் காற்றளவு இனி செல்லாது, இதைக் கவனியுங்கள். அந்த அளவு பழைய வகை டயருக்குச் சொன்னது. எல்.டி. டயர் அதே எடையைத் தாங்கக் கூடுதல் காற்றைக் கேட்கும். எல்.டி. 245/75 ஆர்16 டயர் 50 பி.எஸ்.ஐ.யில் சுமார் 1,000 கிலோதான் தாங்கும், முழுப் பலம் வர வேண்டுமானால் 'இ' ரேஞ்சில் 80 வரை ஏற்ற வேண்டும். விலை உயர்ந்த டயரை மாட்டி, பழைய பழக்கத்தில் 35 வைத்து, லோடு ஏற்றி ஓட்டினால் முன்பிருந்த சாதா டயரைவிடக் குறைவாகத் தாங்கும். எந்த எடைக்கு எவ்வளவு காற்று என்ற அட்டவணையை டீலரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

6. முள்ளும் சரளையும்

நம் பக்கம் டயரைக் கொல்வது சேறு இல்லை. சீமைக்கருவேல முள்தான்.

பச்சை முள் பரவாயில்லை. கண்மாய்க்குள் கருவேல் வெட்டி விறகு ஏற்றிப் போன பிறகு வண்டிப்பாதையில் கிடக்கும் காய்ந்த முள்தான் ஆபத்து. டயரில் குத்தி ஒடிந்து, நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. காற்றும் உடனே போகாது, ராத்திரியில் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. என்று கசியும். காலையில் கண்ணுக்கு நிறைவாகத் தெரியும் டயரில் லோடு ஏற்றிக் கிளம்புவீர்கள், வெயில் ஏறும்போது அது தன் வேலையைக் காட்டும். சந்தேகம் வந்தால் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், பட்டன் சந்தில் சின்னக் குமிழி ஒன்று மெதுவாக ஊதிக்கொண்டு வரும், அங்கேதான் முள்.

ஆகவே டயர் வாங்கும்போது கேட்க வேண்டியது பக்கச்சுவரில் எத்தனை அடுக்கு என்பதை. டயரின் பக்கத்திலேயே ட்ரெட்டில் (ரோட்டில் படும் பகுதியில்) இத்தனை, சைடுவாலில் (பக்கச்சுவரில்) இத்தனை என்று அச்சிட்டிருக்கும். சைடுவாலில் ஒன்றே ஒன்று என்றால் முள்ளுக்காட்டுப் பாதைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். ட்ரெட்டில் குத்தினால் ஒட்டலாம், பக்கச்சுவரில் கிழிந்தால் அந்த டயர் லோடுக்கு அவ்வளவுதான், யார் ஒட்டித் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

ட்ரெட்டில் பஞ்சர் ஆனாலும், இழுவை வண்டிக்கு வெளியிலிருந்து கயிறு செருகுவது வழியில் சமாளிக்க மட்டும். ஊர் வந்ததும் டயரைக் கழற்றி உள்பக்கமிருந்து காளான் வடிவப் பேட்ச் போடச் சொல்லுங்கள். கழற்றினால்தான் உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது, காற்றில்லாமல் ஓடியதில் சுவர் மாவாக உதிர்ந்திருக்கிறதா என்பது தெரியும்.

செம்மண் சரளைக்கு இன்னொரு விஷயம். கல் பட்டன் சந்தில் மாட்டிக்கொண்டு, தார் ரோட்டில் ஓட ஓட உள்ளே துளைத்துக்கொண்டே போகும். சந்தின் அடியில் சின்னச் சின்ன மேடு வைத்த டயர்கள் கல்லை வெளியே தள்ளிவிடும். விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், தெரியும்.

7. இப்போது பட்டனைப் பாருங்கள்

உங்கள் ஓட்டத்தில் எத்தனை பங்கு மண்பாதை என்று யோசியுங்கள். நிறையப் பேருக்கு நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி வேலை நடக்கும் இடம் வரை உள்ள கொஞ்ச தூரம்தான் மண். மீதி எல்லாம் தார்.

பட்டன் கட்டைகள் எவ்வளவு உயரமோ, எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவுக்கு லோடில் அவை நெளியும். பின்னால் டிரெய்லர் ஆடும்போது இந்த நெளிவும் சேர்ந்துகொண்டால் வண்டி ரோட்டில் மிதக்கிற மாதிரி இருக்கும். மழையில் நனைந்த தாரில் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். அதனால் நடுவில் கட்டைகள் ஒன்றோடொன்று தொடர்ந்து பட்டையாக ஓடி, ஓரத்தில் மட்டும் திறந்திருக்கும் மிதமான ஏ.டி. டயரையே இழுவைக்குச் சொல்வேன். சேற்றுக்கான எம்.டி. டயர் ஐப்பசி, கார்த்திகையில் வயலுக்குள் இறங்குகிறவருக்கு, நெடுஞ்சாலையில் ஜெனரேட்டர் இழுப்பவருக்கு இல்லை.

டயரின் பக்கத்தில் மலையும் பனிச்செதிலும் போட்ட முத்திரை இருந்தால் அது பனிப்பிரதேசத்துக்கான சான்று, அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. எம்.ஆர்.எஃப். வாண்டரர், அப்பல்லோ ஆப்டெரா, யோகோஹாமா ஜியோலேண்டர், பி.எஃப். குட்ரிச் ஆல் டெரெய்ன் என்று பெயர்கள் நிறைய. எல்லாவற்றிலும் எல்லா அளவும் எல்லா எடை எண்ணும் கிடைக்காது. 3ஆம் படியின் எண்ணை வைத்துச் சலித்தால் உங்களுக்கு மிஞ்சுவது இரண்டோ மூன்றோதான், தேர்வு தானாகவே எளிதாகிவிடும்.

8. தயாரித்த தேதி

பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒரு பக்கத்தில் இல்லையென்றால் டயரைத் திருப்பிப் பாருங்கள். ஏ.டி. டயர் சின்ன ஊர்க் கடைகளில் மெதுவாகத்தான் விற்கும், அதனால் பழைய ஸ்டாக் மாட்டும் வாய்ப்பு அதிகம். நான்கும் ஒரே சமயத்தில் தயாரானதா என்றும் பாருங்கள்.

9. நாலும் மாற்றவா, ரெண்டு போதுமா

ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் நாலும் ஒரே மாடல், ஒரே தேய்மானம். முன்னும் பின்னும் விட்டம் வேறுபட்டால் ஃபோர் வீலில் போட்டதும் கியர் அமைப்பு உள்ளுக்குள்ளேயே முறுக்கிக்கொள்ளும்.

டூ வீல் டிரைவ், கையில் பணமும் ரெண்டுக்குத்தான் இருக்கிறது என்றால் புதிய ஜோடி பின்னால். பலர் முன்னால் போடுவார்கள், ஸ்டியரிங் சக்கரம்தானே முக்கியம் என்று. ஆனால் பின்பக்கம் வழுக்கினால் டிரெய்லரும் சேர்ந்து வண்டியைச் சுற்றிவிடும், அதை ஸ்டியரிங்கால் திருப்பிக் கொண்டுவர முடியாது. அதற்காக முன்னால் மொட்டை டயரோடு ஓடலாம் என்று அர்த்தமில்லை, பட்டன் சந்துக்குள் இருக்கும் 1.6 மி.மீ. தேய்மான அடையாளக் கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த டயரும் மாற வேண்டியதுதான்.

10. மாட்டும் நாள்

கூடவே நில்லுங்கள். டியூப்லெஸ் வால்வை அன்றே புதிதாக மாற்றச் சொல்லுங்கள். சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைக்கும்தான். அதற்கு மேல் காற்று ஏற்றப் போகிறீர்கள் என்றால் உயர் அழுத்த வால்வோ உலோக வால்வோ வேண்டும், ரிம்மும் அந்த அழுத்தத்தையும் எடையையும் தாங்குவதாக இருக்க வேண்டும். வெளியே வாங்கிய அலாய் ரிம்மின் உள்பக்கம் அதன் எடை வரம்பு பொறித்திருக்கும், பார்த்துவிடுங்கள்.

பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் அன்றே. ஏர் கன்னால் நட்டை முறுக்கி முடித்துவிட்டால் விடாதீர்கள், கடைசியில் டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும்.

11. காற்று

காலையில், வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, வெயில் டயர் மேல் படுமுன் அளந்து பாருங்கள். அட்டவணைகள் எல்லாம் குளிர்ந்த டயருக்கானவை.

லோடுக்கு ஓர் அளவு, காலிக்கு ஓர் அளவு என்று இரண்டை எழுதி டேஷ்போர்டில் ஒட்டுங்கள். லோடு அளவிலேயே காலி வண்டியை ஓட்டினால் நடுப்பட்டன் மட்டும் தேயும், காலி அளவில் லோடு ஏற்றினால் பக்கச்சுவர் நெளிந்து நெளிந்து சூடாகி, உள் அடுக்குகள் பிரிய ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் டயர் வெடித்தால் எல்லோரும் வெயில்மேல் பழி போடுவார்கள், பெரும்பாலும் காலையிலேயே காற்று குறைவாக இருந்திருக்கும்.

நெடுஞ்சாலையில் ஓடி வந்ததும் 4 முதல் 6 பி.எஸ்.ஐ. ஏறியிருப்பது சாதாரணம். ஏறிவிட்டதே என்று பெட்ரோல் பங்கில் இறக்கிவிடாதீர்கள், ஆறிய பிறகு உங்கள் டயர் குறைவுக்குப் போய்விடும். அதைவிட நிறைய ஏறியிருந்தால் காற்று குறைவாகக் கிளம்பியிருக்கிறீர்கள் அல்லது எடை அதிகம். மணலில் காற்றை இறக்கிவிட்டு ஓட்டும் வித்தையை டிரெய்லரைக் கழற்றிவிட்டு மட்டும் செய்யுங்கள்.

12. டிரெய்லர் டயரும் ஸ்டெப்னியும்

டிரெய்லர் டயர் தேயாது, வயசாகும். மாசத்தில் பாதி நாள் கொட்டகையில் நின்றே வெடிப்பு விட்டிருக்கும், பட்டன் மட்டும் புதுசு மாதிரி நிற்கும். தேதியைப் பாருங்கள், பக்கச்சுவரை அமுக்கி வெடிப்பைப் பாருங்கள், எடைமேடையின் மூன்றாவது சீட்டை வைத்து அதன் எடை எண்ணையும் சரி பாருங்கள். பிக்கப்பிலிருந்து கழற்றிய பழைய டயரை டிரெய்லருக்கு மாட்டும் வழக்கம் நிறைய இருக்கிறது, இந்த மூன்றும் தேறினால் மட்டும் செய்யுங்கள்.

ஸ்டெப்னி அதே அளவு, அதே எடை எண். புதிய டயரின் விட்டம் கூடியிருந்தால் அடியில் தொங்கும் ஸ்டெப்னி இடத்தில் ஏறுகிறதா என்று கடையிலேயே ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஜாக்கி லோடு வண்டியைத் தூக்குமா என்பதையும், டிரெய்லரின் ஸ்டெப்னிக்கு நட் ஸ்பேனர் வேறு அளவா என்பதையும் வீட்டு வாசலிலேயே சோதித்துவிடுங்கள்.

13. முதல் ஓட்டம்

புது டயரின் மேல்பூச்சு போகும் வரை பிடிப்பு குறைவாக இருக்கும், பட்டனும் அதிகம் நெளியும். முதல் சில நூறு கிலோமீட்டர் காலியாகவோ குறைந்த லோடோடோ ஓட்டுங்கள். 50 முதல் 100 கி.மீ.க்குள் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

முதல் முழு லோடு நாளில் 20 கி.மீ. போனதும் ஓரமாக நிறுத்தி ஆறு டயரையும், நடுவில் ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அங்கே காற்று குறைவு, அல்லது பேரிங், அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. காரணம் தெரியாமல் அங்கிருந்து வண்டியை எடுக்காதீர்கள். அதன் பிறகு 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு, ஒவ்வொரு முறையும் அலைன்மென்ட்டையும் பார்த்துவிடுங்கள்.